சாண் வண்டியின் சில்லும் அச்சும்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. தேரின் உயரமும் சிற்பமும் சீலையும் காண்போர் கண்ணைக் கவரும். ஆயின் அதனை வீதியிலே நகரச் செய்வன சில்லுகள். சில்லைத் தாங்குவது அச்சு. அச்சினின்றும் சில்லு கழன்று போகாமற் காப்பது சிறியதோர் ஆணி. இவ்வுண்மையை ஒரு சாண் நீளமும் நிரம்பாத மரவண்டி ஒன்றிலே கண்டறியும் வாய்ப்பு ஐக்கிய அமெரிக்காவின் சிறுவர்க்கு ஆண்டுதோறும் கிடைக்கின்றது. அவ்வண்டியிலே அச்சு வேறு, ஆணி வேறு அல்ல, ஆணியே அச்சு. அந்த ஆணியை எவ்வாறு செப்பனிடலாம், எந்த எல்லைக்கு அப்பால் அதனைத் தொடலாகாது என்பது பற்றி விதிகள் எழுதப்பட்டுள்ளன. விவாதங்களும் ஓயாது நடைபெறுகின்றன. சிறுவர் விளையாட்டு ஒன்றுக்கு இத்தனை விதிகள் எதற்கு என்று கேட்போர்க்கு, அவ்விளையாட்டின் வரலாறே விடை கூறும்.

கலிபோர்னியா மாநிலத்தின் மன்ஹாட்டன் பீச் என்னும் கடற்கரை நகரில் டொன் மேர்பி என்பவர் குருளைச் சாரணர் அணி ஒன்றின் தலைவராகப் பணியாற்றி வந்தார். அவருடைய தொழில் நோர்த் அமெரிக்கன் ஏவியேசன் என்னும் விமானக் கம்பனியிலே கலைப் பிரிவைச் சார்ந்தது. அக்காலத்தில் அமெரிக்கச் சிறுவரிடையே சவர்க்காரப் பெட்டிப் பந்தயம் பெரும் புகழ் பெற்றிருந்தது. சிறுவர் தாமே செய்த வண்டியில் ஏறி, இயந்திரம் இன்றி, சரிவான வீதியிலே உருண்டு சென்று போட்டியிடுவது அதன் வழக்கம். மேர்பியின் மகனுக்கு அப்பந்தயத்திற் சேரும் வயது வரவில்லை. மகனின் ஏக்கத்தைக் கண்ட தந்தை, ஏறி ஓட்டும் வண்டிக்குப் பதிலாக உள்ளங்கையில் அடங்கும் வண்டி ஒன்றினைச் செய்து, அதனை ஒரு சாய்பலகையில் ஓடவிட்டால் என்ன என்று எண்ணினார். தந்தையும் மகனும் ஒருங்கே அமர்ந்து செய்யத்தக்க கைவேலை ஒன்று வேண்டும் என்பதும் அவருடைய நோக்கம்.

அவ்வாறு பிறந்ததே பைன்வுட் டெர்பி எனப்படும் பைன் மரவண்டிப் பந்தயம். பைன் மரக்கட்டை ஒன்று, அச்சினைத் தாங்கும் மரத்துண்டுகள் இரண்டு, சில்லுகள் நான்கு, ஆணிகள் நான்கு ஆகியவற்றை ஒரு மண்ணிறக் கடதாசிப் பையில் இட்டு ஒவ்வொரு சிறுவனுக்கும் வழங்கினர். 1953ஆம் ஆண்டு மே மாதம் 15ஆந் திகதி அந்நகரின் சாரணர் இல்லத்திலே முதலாவது பந்தயம் நடைபெற்றது. முடிவுக் கோட்டிலே வெற்றியை அறிவிப்பதற்கு வீட்டு வாயில் மணிகளின் உறுப்புகளைக் கொண்டு பற்றரியால் இயங்கும் கருவி ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. 1954ஆம் ஆண்டு ஒக்டோபரில் போய்ஸ் லைஃப் என்னும் சாரணர் சஞ்சிகை இப்பந்தயத்தைப் பற்றி எழுதியது. அதன்பின் அது நாடெங்கும் பரவியது. 2018ஆம் ஆண்டு முதல் அமெரிக்கக் குருளைச் சாரணரிற் சிறுமியரும் சேர்க்கப்பட்டதால், இன்று அவர்களும் அரமும் அரத்தாளும் ஏந்தி இதே வேலையில் ஈடுபடுகின்றனர்.

முதற் பந்தயத்திலே கொடுக்கப்பட்ட அந்தக் கடதாசிப் பையை நேயர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் எழுந்த விதிகள் யாவும் அப்பையினின்றே தோன்றின எனலாம். செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும் எளியவர் வீட்டுப் பிள்ளைக்கும் கிடைத்த பொருள் ஒன்றே. ஒருவன் மற்றொருவனை வெல்ல வேண்டுமானால், அப்பொருளின் மேல் அவன் செலுத்தும் உழைப்பினாலும் கவனத்தினாலும் வெல்ல வேண்டும்.

இன்று வழங்கும் பொதுவான விதிகளின் சுருக்கம் வருமாறு. வண்டியின் நீளம் 7 அங்குலத்தையும், அகலம் 2¾ அங்குலத்தையும், நிறை 5 அவுன்சையும் மிஞ்சலாகாது. ஐந்து அவுன்சு என்பது ஏறத்தாழ 142 கிராம். இடப்புறச் சில்லுக்கும் வலப்புறச் சில்லுக்கும் இடையே 1¾ அங்குல இடைவெளி வேண்டும். வண்டியின் அடிப்புறம் ஓடுபாதையிலிருந்து 3/8 அங்குலமாவது உயர்ந்திருத்தல் வேண்டும். பையிற் கொடுக்கப்பட்ட கட்டையும் சில்லுகளும் ஆணிகளுமே பயன்பட வேண்டும். சில்லுக்குள்ளே குண்டுத் தாங்கிகளோ, வளையங்களோ, உட்குழாய்களோ புகுத்தலாகாது. வில் அமைப்புக் கூடாது. வண்டியை முன்னே தள்ளும் பொறி எதுவும் கூடாது. உள்ளே ஆடியசையும் ஈயக்குண்டுகள் போன்ற தளர்ந்த பொருள் எதுவும் இருத்தலாகாது.

இவ்வளவுகள் மனம்போன போக்கில் எழுதப்பட்டவை அல்ல. ஓடுபாதையின் ஒவ்வொரு தடத்திலும் நடுவே 1⅝ அங்குல அகலமும் கால் அங்குல உயரமும் கொண்ட சட்டம் ஒன்று நெடுகிலும் பதிக்கப்பட்டிருக்கும். வண்டியின் சில்லுகள் அச்சட்டத்தின் இருபுறமும் ஓடும்; வண்டி தன் தடத்தை விட்டு விலகாமற் காப்பது அதுவே. சில்லுகளுக்கு இடையே 1¾ அங்குலம் இருந்தால், சட்டத்தின் இருபுறத்திலும் ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு இடம் கிடைக்கும். இடைவெளி குறைந்தால் சில்லு சட்டத்தை இறுகப் பிடிக்கும். அடிப்புறம் தாழ்ந்தால் வயிறு உரசி வண்டி நின்றுவிடும். அச்சினைத் தவறான இடத்திலே பொருத்திய சிறுவனை முதலிலே தோற்கடிப்பது நடுவர் அல்லர். பாதை நடுவே கிடக்கும் அச்சட்டமே.

இனி, சில்லும் அச்சும் வண்டியின் வேகத்தை எவ்வாறு நிருணயிக்கின்றன என்பதைக் காண்போம். இவ்வண்டிக்கு இயந்திரம் இல்லை. தொடக்கத்திலே தரையிலிருந்து ஏறத்தாழ நான்கடி உயரத்தில் அது நிறுத்தப்படுகின்றது. தடுப்புக்கோல் வீழ்ந்ததும் புவியீர்ப்பு அதனைச் சரிவிலே இழுக்கின்றது. உயரத்தினால் வண்டி பெற்றிருந்த சத்தி இயக்கச் சத்தியாக மாறுகின்றது. அதற்கு மேல் ஓர் அணுவளவு சத்தியையேனும் எவராலும் சேர்க்க முடியாது. ஆகவே வண்டி செய்வோர் ஆற்றக்கூடிய பணி, கிடைத்த சத்தி வீணாகும் வழிகளை ஒவ்வொன்றாக அடைப்பதேயாகும். அவ்வழிகளுட் பெரியது, ஆணியும் சில்லும் ஒன்றையொன்று உரசும் இடத்திலே உள்ளது.

சில்லின் விட்டம் ஏறத்தாழ 1.2 அங்குலம். ஆணியின் விட்டமோ ஓர் அங்குலத்தின் பத்தில் ஒரு பங்கிலும் சற்றுக் குறைவு. ஓட்டத்தின் உச்சத்திலே சில்லு ஒரு நொடிக்கு நாற்பது தடவைக்கு மேற் சுழல்கின்றது. வேகமாகச் சுழலும் பிளாஸ்டிக் துளையினுள்ளே அசையாத இரும்பு ஆணி கிடக்கின்றது. அங்கே எழும் உராய்வு சில்லைத் தடுக்க முயலும். எனினும், ஆணி மெல்லியதாயும் சில்லு அகன்றதாயும் இருப்பதால், அத்தடை சில்லின் விளிம்பை அடையும்போது ஏறத்தாழ பதின்மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகின்றது. மாட்டுவண்டிக்குப் பெரிய சில்லு பூட்டிய முன்னோர் அறிந்திருந்த நெம்புகோல் தத்துவமே இது. ஆணியை மேலும் மெலிதாக்கினால் தடையும் மேலும் குறையும். ஆதலின் ஆணியைக் கடைந்து மெலியச் செய்வதைப் பல அணிகள் தடுத்துள்ளன. அளவைத் தொடாமல் ஆணியை அழுத்தமாக்கும் வேலை மட்டுமே சிறுவனுக்கு எஞ்சியுள்ளது. அந்த வேலையோ சிறிதன்று.

பையினின்றும் எடுத்த ஆணியை விரல் நுனியால் தடவிப் பார்த்தால் அதன் குறைகள் புலப்படும். ஆணித்தலையின் அடியிலே, இயந்திரம் அதனை அடித்து உருவாக்கியபோது எழுந்த பிசிறு இருக்கும். தண்டின் மேற்பகுதியிலே, பிடிக்கப்பட்ட தடயமாக மெல்லிய வரம்புகள் காணப்படும். இவை கண்ணுக்கு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் நொடிக்கு நாற்பது தடவை சுழலும் சில்லுக்கு இவை அரத்தின் பற்களுக்கு ஒப்பானவை. எனவே முதலிலே சிறிய அரம் ஒன்றினால் பிசிறும் வரம்பும் நீக்கப்படுகின்றன. ஆணியின் கூர்முனைப் பக்கத்தைக் கைத் துளைகருவியிலோ மின் துளைகருவியிலோ பூட்டிச் சுழற்றினால் இவ்வேலை ஒரே சீராக அமையும். தலையின் அடிப்புறமும் சற்றே சரிவாக அராவப்படுவதுண்டு. அவ்வாறு செய்தால், சில்லின் குடம் தலையைத் தொடும்போது முழுப்பரப்பும் ஒட்டாமல் சிறிய வளையம் ஒன்றே தொடும்.

அரம் விட்ட கீறல்களை அரத்தாள் நீக்க வேண்டும். பருமணல் ஒட்டிய தாள் விட்ட கீறல்களை நுண்மணல் ஒட்டிய தாள் நீக்க வேண்டும். இவ்வாறு படிப்படியாக நுண்மைக்குச் செல்வதே முறை. இடையிலே ஒரு படியைத் தாண்டினால், முந்திய கீறல் பளபளப்பின் அடியிலே மறைந்திருந்து பந்தயத்தன்று தன்னைக் காட்டிவிடும். தாளை நீரில் நனைத்துத் தேய்த்தால் சூடும் தூசும் குறையும். இறுதியில், உலோகம் துலக்கும் பசையைத் துணியிலே தடவித் தேய்த்தால் ஆணி கண்ணாடிபோல் ஒளிரும். பின்னர் அதனைக் கண்ணாடித் தட்டின்மேல் உருட்டிப் பார்த்தல் வேண்டும். நேரான ஆணி தடங்கலின்றி உருளும். வளைந்த ஆணி துள்ளும்.

அடுத்து, சில்லு. இன்றைய சில்லுகள் வார்ப்பச்சிலே உருக்கி ஊற்றப்பட்ட பிளாஸ்டிக்கினால் ஆனவை. உருகிய பொருள் உட்புகுந்த இடத்திலே சிறு முளையும், ஓடும் பரப்பிலே மெல்லிய தழும்பும் எஞ்சுவதுண்டு. எல்லாச் சில்லுகளும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும், ஆணியில் மாட்டிச் சுழற்றிப் பக்கவாட்டில் நோக்கினால் சில நேராகச் சுழலும், சில தள்ளாடும். தள்ளாடும் சில்லு ஒவ்வொரு சுற்றிலும் வண்டியைச் சிறிது உயர்த்தியும் தாழ்த்தியும் சத்தியை விழுங்கும். முப்பது நாற்பது அடிப் பாதையைக் கடப்பதற்குள் சில்லு நூறு தடவைக்கு மேற் சுழல்வதால், ஒரு சுற்றின் சிறு குறை நூறு மடங்காகின்றது. இதனாலேயே சில்லுகளின் உட்புறத்திற் பொறித்த வார்ப்பச்சின் எண்ணைப் பார்த்து, ஒரே வார்ப்பில் வந்த நான்கு சில்லுகளைத் தேடி எடுப்போரும் உளர்.

சில்லின் முளையையும் தழும்பையும் நுண்ணிய அரத்தாளினால் மெல்ல நீக்கலாம். நடுத்துளையின் உட்புறத்தையும், ஆணித்தலையும் மரமும் தொடும் குடத்தின் இரு முகங்களையும் துலக்கலாம். இதுவரை பெரும்பாலான அணிகள் அனுமதிக்கின்றன. இதற்கு அப்பாலேதான் சோதனை தொடங்குகின்றது. ஓடும் பரப்பைக் கூம்பாக்கி, பாதையை ஒரு கோடு மட்டும் தொடுமாறு செய்தல். சில்லின் உட்புறத்தைக் குடைந்து நிறையைக் குறைத்தல். விளிம்பை மெலிதாக்குதல் ஆகியவை பல அணிகளிலே தடுக்கப்பட்டுள்ளன. சில்லின் முகத்திலுள்ள எழுத்துகள் அழியாதிருக்க வேண்டும் என்றும், ஓடும் பரப்பு தட்டையாகவே இருக்க வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறும். சில அணிகள் வேணியர் இடுக்கியினால் சில்லின் விட்டத்தை அளந்து பார்ப்பதும் உண்டு.

சில்லின் நிறையைக் குறைப்பதில் இத்தனை ஆவல் எதற்கு என்பதும் அறியத்தக்கது. வண்டியின் மரம் முன்னோக்கி மட்டும் செல்கின்றது. சில்லோ முன்னோக்கிச் செல்வதுடன் தன்னைத் தானே சுழற்றவும் வேண்டியுள்ளது. அதன் சடத்துவத்தை வென்று சுழலச் செய்வதற்குச் சத்தி செலவாகின்றது. ஒரு சில்லு மூன்று கிராமுக்கும் குறைவானதாயினும், நான்கு சில்லுகளையும் சுழற்றுவதற்கு மொத்தச் சத்தியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு போய்விடுகின்றது. விளிம்பிலே உள்ள நிறை குடத்தருகே உள்ள நிறையைவிட அதிகச் சத்தியை விழுங்கும். எனவே குடைந்த சில்லு உண்மையாகவே விரைந்தோடும். விதி அதனைத் தடுப்பது அது பயனற்றது என்பதனால் அன்று. கடைசல் இயந்திரம் உள்ள வீட்டுக்கும் அஃதில்லாத வீட்டுக்கும் இடையே அது பெரும் வேற்றுமையை உண்டாக்கிவிடும் என்பதனாலாகும்.

துலக்கிய ஆணிக்கும் துலக்கிய துளைக்கும் இடையே ஒரு வழுக்குப் பொருள் வேண்டும். எண்ணெய் பொதுவாக விலக்கப்பட்டது. அது பாதையை அழுக்காக்கும், தூசையும் ஈர்க்கும். அதற்குப் பதிலாகப் பயன்படுவது பென்சிற்கரி என்றும் காரீயம் என்றும் வழங்கும் கரிய தூள். இப்பொருள் இலங்கை நேயர்க்குப் புதியதன்று. கேகாலை மாவட்டத்துப் போகலையிலும் குருநாகல் மாவட்டத்துக் ககட்டகாவிலும் பாறைகளின் நாளங்களிலே கிடைக்கும் காரீயம் தன் தூய்மையினால் உலகப் புகழ் பெற்றது. காரீயத்தின் அமைப்பிலே கரியணுக்கள் ஏடு ஏடாக அடுக்கப்பட்டுள்ளன. ஓர் ஏட்டினுள்ளே பிணைப்பு வலிது. ஏட்டுக்கும் ஏட்டுக்கும் இடையே பிணைப்பு மெலிது. அதனால் ஏடுகள் ஒன்றின்மேல் ஒன்று எளிதில் வழுக்கும். பென்சில் கடதாசியில் எழுதுவதும் இதனாலேயே. தூளைத் துளையிலே இட்டுச் சில்லைப் பல தடவை சுழற்றினால் ஆணியின் மேலும் துளையின் உள்ளும் மெல்லிய கரும்பூச்சுப் படியும். பின்னர் சில்லை விரலால் ஒரு தடவை தட்டிவிட்டால், நன்கு செப்பனிட்ட சில்லு அரை நிமிடத்துக்கும் அது சுழன்றுகொண்டிருக்கக் காணலாம்.

இத்தனையும் செய்தபின், ஆணியை மரத்தில் ஏற்றும் வேலை எஞ்சுகின்றது. பொறுமையிழந்தோர் தோற்பது இங்கேயே. கட்டையின் அடியிலே அச்சுக்கெனக் குறுக்கே இரண்டு தவாளிப்புகள் வெட்டப்பட்டிருக்கும். அவை கட்டையின் பக்கத்துக்குச் செங்குத்தாக உள்ளனவா என்று மூலைமட்டம் வைத்துப் பார்த்தல் வேண்டும். தவாளிப்புச் சாய்ந்திருந்தால் ஆணியும் சாயும். ஆணி சாய்ந்தால் வண்டி ஒரு புறமாகத் திரும்பி நடுச்சட்டத்தை மோதிக்கொண்டே செல்லும். ஆணியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் மரம் பிளக்கும், அல்லது ஆணி வளையும். மெல்லத் தட்டியோ அழுத்தியோ ஏற்றுவதே நன்று. சில்லின் குடத்துக்கும் மரத்துக்கும் இடையே தடித்த அட்டை ஒன்று நுழையும் அளவு இடம் விடுதல் வேண்டும். இடம் குறைந்தால் சில்லு இறுகும். மிகுந்தால் சில்லு இருபுறமும் அலைந்து தடுமாறும்.

சற்றே சரிந்த நீண்ட பலகையிலோ, சமதரையிலோ வண்டியை மெதுவாக உருட்டிவிட்டு, அது நேராகச் செல்கின்றதா என்று பார்ப்பது அடுத்த படி. இடப்புறம் விலகினால் முன் ஆணியை மயிரிழையளவு திருத்தி மீண்டும் உருட்ட வேண்டும். பத்துத் தடவை, இருபது தடவை இவ்வாறு செய்ய நேரிடலாம். நேராக ஓடும் நிலை கிடைத்த பின்னரே ஆணி அசையாதிருக்கும் பொருட்டு ஒரு துளி பசை இடப்படும். அப்பசை சில்லின் பக்கம் கசிந்தால் அதுவரை செய்த உழைப்பு யாவும் வீணாகிவிடும்.

பின்னரே நிறை பார்க்கப்படும். வண்டி பாரமாக இருந்தால் விரைந்து வீழும் என்று பலர் கருதுவர். உராய்வும் காற்றும் சில்லின் சுழற்சியும் இல்லாவிடின் பாரமான வண்டியும் இலேசான வண்டியும் ஒருங்கே இறங்கும். ஆயினும் காற்றின் தடையும் சில்லைச் சுழற்றும் செலவும் இரு வண்டிகளுக்கும் ஏறத்தாழ ஒன்றே. அச்செலவைப் பெரிய சத்தியினின்று கழிப்பது பாரமான வண்டிக்கு எளிது. அதனால் ஐந்து அவுன்சு என்னும் எல்லையை எட்டிப்பிடிக்க அனைவரும் முயல்வர். அந்நிறையைப் பின்புறத்திலே வைத்தால் மேலும் ஒரு நன்மை உண்டு. சரிவிலே நிற்கும் வண்டியின் பின்புறமே உயர்ந்திருப்பதால், அங்குள்ள நிறை சற்று அதிக உயரத்தினின்று வீழ்கின்றது. ஆனால் அளவு மிஞ்சிப் பின்னே வைத்தால் முன்சில்லுகள் எழும்பி வண்டி தடம் புரளும்.

பந்தய நாளன்று ஓடுபாதைக்கு முன்னர் வண்டி செல்லும் இடம் பரிசோதகரின் மேசை. அங்கே தராசு ஒன்றும், அளவுப் பெட்டி ஒன்றும் இருக்கும். வண்டி பெட்டியினுள் அடங்க வேண்டும். தராசு ஐந்து அவுன்சைத் தாண்டலாகாது. விதிக்குப் பொருந்தாத வண்டி உடனே தள்ளப்படுவதில்லை. குறை எதுவென்று உரியவருக்குக் கூறி, அதனைத் திருத்துவதற்கு நேரம் கொடுப்பது மரபு. தராசு சிறிது கூடக் காட்டினால் வண்டியின் அடியிலே ஒரு துளை இட்டு மரத்தை நீக்குவர். இம்மரபிலே சிறுவர்பால் ஒரு நம்பிக்கை அடங்கியுள்ளது. தவறு வேறு, வஞ்சகம் வேறு என்பதை அது உணர்த்துகின்றது.

வஞ்சகத்துக்கும் இவ்விளையாட்டின் சூழலிலே இடம் இல்லாமற் போகவில்லை. மேர்பியின் எண்ணத்துக்கு வித்தாக இருந்த சவர்க்காரப் பெட்டிப் பந்தயத்தில், 1973ஆம் ஆண்டு ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் நடந்த தேசிய இறுதிப்போட்டியிலே ஒரு வண்டி வெற்றி பெற்றது. அதன் ஓட்டத்தில் ஐயமுற்ற அதிகாரிகள் அதனை எக்ஸ் கதிரினால் ஆராய்ந்தனர். வண்டியின் மூக்கினுள்ளே மின்காந்தம் ஒன்று மறைத்து வைக்கப்பட்டிருந்தது. தொடக்கத்திலே வண்டியைத் தடுத்து நிறுத்தும் இரும்புத் தகடு முன்னே சாயும்போது, காந்தம் அத்தகட்டைப் பற்றிக்கொண்டு வண்டியை முன்னே இழுக்கும். வெற்றி பறிக்கப்பட்டது. அவ்வண்டியை ஓட்டியவன் பதினான்கு வயதுச் சிறுவன். ஏற்பாட்டின் பின்னே வீட்டுப் பெரியவர் ஒருவர் இருந்தார். அச்சிறுவன் அடைந்த அவமானத்துக்குப் பெரியவர் ஒருவரின் ஆசையே காரணமாயிற்று என்பதை அந்நாட்டவர் நெடுங்காலம் பேசினர்.

மரவண்டிப் பந்தயத்தின் சோதனை அத்துணை வெளிப்படையானதன்று. இன்று இயந்திரத்தால் கடைந்து செப்பனிட்ட சில்லுகளையும், துலக்கிய அச்சுகளையும், முற்றாகச் செய்து முடித்த வண்டிகளையுமே விலைக்கு விற்போர் உளர். நிறைக்கு ஈயத்தை விட அடர்த்தி மிகுந்த டங்ஸ்டன் துண்டுகளும் கிடைக்கின்றன. பணம் கொடுத்து வாங்கிய சில்லு விதியின் எழுத்துக்குப் பொருந்துவதாயினும் அதன் கருத்துக்குப் பொருந்துமா என்பது ஒவ்வோர் அணியிலும் எழும் கேள்வி. அதுபோன்றே, மகன் உறங்கிய பின் தந்தை விழித்திருந்து துலக்கிய ஆணி எவருடைய ஆணி என்பதும் கேள்வி. இதற்கு விடையாக, வேறு கம்பனியின் சில்லுகளைச் சில அணிகள் விலக்கியுள்ளன. பெரியவர்க்கெனத் தனிப்போட்டி ஒன்றை வைத்து, அவர்கள் தமது ஆசையை அங்கே தீர்த்துக்கொள்ளுமாறு சில அணிகள் செய்துள்ளன. பொதுவாகச் செய்துகொள்ளும் நுண்கருவிகளை ஒரே இடத்தில் வைத்து, எல்லாப் பிள்ளைகளும் வந்து வேலை செய்ய ஒரு சனிக்கிழமையை ஒதுக்கும் அணிகளும் உள்ளன. முதற் பந்தயத்தின் கடதாசிப் பை செய்த பணியை இம்மூன்றாவது முறை நன்றாகவே தொடர்கின்றது.

ஐந்து வயது தொடக்கம் பத்து வயது வரையான பிள்ளை ஒன்றிடம் மின் துளைகருவியை ஒப்படைத்துவிட முடியாது என்பது உண்மை. கூரிய கருவியும் சுழலும் கருவியும் பெரியவர் கையிலே இருத்தல் வேண்டும். ஆனால் அரத்தாளைப் பிடிப்பதற்கும், எத்தனை படி தேய்த்தாயிற்று என்று எண்ணுவதற்கும், சில்லைச் சுழற்றி எது நீண்ட நேரம் சுழல்கின்றது என்று கண்டறிவதற்கும், தூளை இடுவதற்கும், வண்டியை உருட்டி விலகலைக் கவனிப்பதற்கும் சிறு கை போதும். நான்கு ஆணிகளுள் ஒன்றைத் தந்தை தேய்த்துக் காட்டி, மற்ற மூன்றையும் பிள்ளையிடம் விட்டுவிடுவது பழகிய அணித் தலைவர்கள் கூறும் வழி. பிள்ளை தேய்த்த ஆணி தந்தை தேய்த்ததைப் போல் ஒளிராமற் போகலாம். அதனால் வண்டி ஒரு நொடியின் சில நூறில் ஒரு பங்கு பிந்தக்கூடும்.

ஓட்டம் முடிவதற்கு ஏறத்தாழ மூன்று நொடிகள் ஆகும். மின்கருவிகள் ஆயிரத்தில் ஒரு நொடி வரை வேற்றுமை கண்டு வெற்றியை அறிவிக்கும். அரங்கிலுள்ள பிள்ளைகளுள் ஒருவரே முதலிடம் பெறுவர். ஏனையோர் வண்டியைக் கையிலே எடுத்துக்கொண்டு வீடு திரும்புவர். அவ்வாறு திரும்பும் பிள்ளை ஒன்று வழியிலே சில்லை விரலால் தட்டிச் சுழலவிட்டு, எந்தச் சில்லு ஏன் முந்தி நின்றது என்று யோசிக்குமாயின், அடுத்த ஆண்டு அரத்தாளை எங்கே அழுத்த வேண்டும் என்பது அதற்கே தெரிந்திருக்கும். வேறொருவர் தேய்த்துக் கொடுத்த ஆணி அந்தப் பிள்ளைக்கு இதனைக் கற்பித்திருக்க மாட்டாது.